தினமும் கட்டியும் திங்கட்கிழமை நின்றுபோகும் ஆட்டோமேட்டிக் வாட்ச்: சர்வீஸ் செய்யத்தான் வேண்டுமா?

கோவைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். தாய்மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்த ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம், கையில் இருந்தால் போதும், தானே ஓடும் என்று சொல்லிக் கொடுத்தார். சாவிக் குமிழைத் திருகிப் பார்த்தால் உண்மையிலேயே எதுவும் ஏறவில்லை. வெறுமனே சுற்றுகிறது.

திங்கள் முதல் சனி வரை காலை 9 மணிக்குக் கட்டி இரவு 8 மணிக்குக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன். ஞாயிறு கட்டுவதில்லை. திங்கள் காலையில் எடுத்துப் பார்த்தால் நின்றிருக்கிறது. எப்போதோ ஒரு வாரம் அல்ல, ஒவ்வொரு வாரமும் இதே கதை. முழுச் சாவியில் 40 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று கையேட்டில் இருக்கிறது. சனி இரவு 8 முதல் திங்கள் காலை 9 வரை 37 மணி நேரம்தானே? ஓடிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்?

பஸ்ஸில் அலுவலகம் போய்வந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இப்போது வீட்டிலிருந்தே வேலை. கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "சர்வீஸ் செய்ய வேண்டும், 3,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். கொடுக்கலாமா?

சக்கரவாளம்

கொடுத்துவிடுங்கள். ஒரு நாளில் 11 மணி நேரம் கையில் கிடந்தும் நிற்கிறது என்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டியிருக்கும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஏழு நாள் ஏழு வாட்ச்

ஒரு வாட்ச் வைண்டர் வாங்கிப் போடுங்கள். கழற்றியதும் அதில் மாட்டிவிட்டால் தானே சுழற்றிக்கொண்டிருக்கும். சர்வீஸ் செலவைவிடக் குறைவு. நான் பல வருடமாக வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

கோவைக்காரரே, பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள். திங்கள் காலையில் எடுக்கும்போது முட்கள் எந்த மணியில் நிற்கின்றன? கிழமை காட்டும் சாளரம் இருந்தால், அது எந்தக் கிழமையில் நிற்கிறது? முள்ளை மட்டும் பார்த்தால் எந்த நாளில் நின்றது என்று தெரியாது. கிழமையையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கோவைக்காரன்

நல்ல கேள்வி ஐயா. இதுவரை கவனித்ததில்லை, எடுத்ததும் குலுக்கி ஓடவைத்துவிடுவேன். இந்த வாரம் குலுக்காமல் பார்த்தேன். ஒன்பது மணியை ஒட்டி நின்றிருக்கிறது. கிழமை ஞாயிறு, தேதியும் ஞாயிற்றுக்கிழமையுடையதுதான். ஆனால் காலை ஒன்பதா, இரவு ஒன்பதா?

கணக்குப்பிள்ளை

தேதியும் கிழமையும் நள்ளிரவையொட்டி மாறுபவை. ஞாயிறு காலை 9 ஆக இருந்தாலும் இரவு 9 ஆக இருந்தாலும் ஞாயிறு என்றுதான் காட்டும். ஞாயிறு மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்துவிடும். பார்த்தீர்களா?

கோவைக்காரன்

மகள் பார்த்திருக்கிறாள். மாலையில் அவள் கையில் போட்டு விளையாடப் பார்த்து நான் அதட்டி வாங்கி வைத்தேன். அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் இரவு 9. இப்போது கணக்குப் போடலாம். என் கருத்தில் உங்கள் வாட்ச்சில் கோளாறு இல்லை.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்சின் மெயின் ஸ்பிரிங்தான் தொட்டி. கொள்ளளவு 40 மணி நேரம். குழாய் ஒன்று இரவு பகலாகத் திறந்தே இருக்கிறது. ஒரு நாளைக்கு 24 மணி நேர அளவு வெளியேறியே தீரும், வாட்ச் கையில் இருந்தாலும் மேசையில் இருந்தாலும். மோட்டார் ஓடுவது கையில் இருக்கும் 11 மணி நேரத்தில் மட்டும். அந்த 11 மணி நேரத்துக்குள் குறைந்தது 24 மணி நேரத்துக்கான முறுக்கு ஏறினால்தான் வரவும் செலவும் சரியாகும். தொட்டி நிறைய வேண்டுமென்றால் அதற்கும் மேல் ஏற வேண்டும்.

உங்கள் வாட்ச் திங்கள் காலை 9 மணிக்கு வெறும் தொட்டியோடு தொடங்குகிறது. குலுக்கி ஓடவைப்பதில் ஏறுவது சொற்பம், அதை விட்டுவிடுவோம். சனி இரவு 8 மணிக்குக் கழற்றிய பிறகு ஞாயிறு இரவு 9 வரை ஓடியிருக்கிறது. அதாவது கழற்றும்போது இருப்பு 25 மணி நேரம். திங்கள் காலை 9 முதல் சனி இரவு 8 வரை செலவானது ஐந்து முழு நாளும் 11 மணி நேரமும், மொத்தம் 131. இருப்பையும் செலவையும் கூட்டினால் 156. ஆறு நாள் கட்டியதில் வந்த வரவு அது. ஒரு நாளைக்கு 26.

ஆக, தினமும் 26 வரவு, 24 செலவு, மிச்சம் 2 மட்டும். திங்கள் இரவு கழற்றும்போது 15 மணி நேரம் இருக்கும். செவ்வாய் காலை கட்டும்போது வெறும் 2 இருக்கும்; மயிரிழையில் தப்பும். செவ்வாய் இரவு 17, புதன் 19, வியாழன் 21, வெள்ளி 23, சனி 25. கையேட்டில் சொன்ன 40 ஐ உங்கள் வாட்ச் எந்த வாரமும் தொட்டதே இல்லை.

இன்னொரு விஷயமும் இதற்குள்ளேயே இருக்கிறது. திங்கள் காலையில் யாராவது அந்தத் தொட்டியை ஒரே ஒரு முறை நிரப்பிக் கொடுத்துவிட்டால், அதே கை, அதே வேலை, அதே 11 மணி நேரத்தில் இனி நிற்கவே நிற்காது. இரவு 8 மணிக்கு 40. காலை 9 மணிக்கு 27. பகலில் 26 ஏறி 11 போனால் திரும்பவும் 40 தாண்டும். மிஞ்சியது வழிந்துவிடும். சனி இரவு 40 உடன் கழற்றினால் திங்கள் காலை 9 மணிக்கு இன்னும் 3 மணி நேரம் மிச்சம் இருக்கும். உங்களைப் போல் நாற்காலியில் இருப்பவர்களின் கை, இருப்பதைக் காக்குமே தவிர, இல்லாததை நிரப்பாது.

சக்கரவாளம்

தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்பிரிங் இறுக இறுக ஏற்றுவது கடினமாகும், தினமும் ஒரே அளவு ஏறாது, ஒரு நாள் போல் ஒரு நாள் கை அசையாது. 26 என்று எப்படித் தீர்த்துச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

சராசரிதான் சொன்னேன். 25 என்றும் 27 என்றும் நாளுக்கு நாள் மாறும். ஆனால் வாரந்தோறும் அதே ஞாயிறு இடைவெளியில்தான் நிற்கிறது என்பதே அவருடைய வாரம் எவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்குச் சாட்சி. உள்ளே தேய்மானம் இருந்தால் இப்படிக் கிழமை பார்த்து நிற்க வாய்ப்புக் குறைவு.

வடக்குமாசிப் பட்டறை

மதுரையில் வாட்ச் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது சரி. நான் இயந்திரப் பக்கத்தைச் சொல்கிறேன்.

குமிழைத் திருகினால் ஏறாது, கிழமையும் தேதியும் உண்டு என்கிறீர்கள். தம்பி, அது சீக்கோவின் 7எஸ்26 குடும்பத்து இயந்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1996 இல் வந்தது. தேய்மானம் குறைக்கும் 21 கல், மணிக்கு 21,600 துடிப்பு. கையால் சாவி கொடுக்கும் வசதியை அதில் வைக்கவே இல்லை. குமிழை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது. அது குறையல்ல, அமைப்பே அப்படி. அதற்குப் பின்வந்த 4ஆர்36 இலும், அதே வழியில் மற்ற நிறுவனங்களுக்கு விற்கப்படும் என்எச்35, என்எச்36 இலும் கையாலும் சாவி கொடுக்கலாம்.

இதன் ரோட்டார் அரைவட்டத் தகடு. கனமெல்லாம் ஒரு விளிம்பில். அந்தக் கனம் எப்போதும் தரையைப் பார்த்து விழப் பார்க்கும். கையின் சாய்வு மாறும்போது கனம் கீழேயே தங்க, வாட்ச் அதைச் சுற்றித் திரும்பும். அந்தச் சுழற்சியை இரண்டு நகமுள்ள ஒரு நெம்புகோல் வாங்கிக்கொள்ளும். ஒரு நகம் இழுக்கும், இன்னொன்று தள்ளும். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஒரே பக்கமாகத்தான் முறுக்கேறும். இதை மேஜிக் லீவர் என்பார்கள். 1959 இலிருந்து சீக்கோவில் இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்தவரை இவ்வளவு குறைந்த பாகங்களில் இந்த வேலையைச் செய்யும் வேறு அமைப்பு இல்லை.

இனி உங்கள் கைக்கு வருவோம். கணினியில் தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டு மேசையில் படுத்திருக்கும், முகப்பு கூரையைப் பார்த்திருக்கும். விரல்கள் என்ன ஆட்டம் ஆடினாலும் ரோட்டாருக்குச் சாய்வு கிடைக்காது. எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் கிடக்கும். எழுந்து தண்ணீர் குடித்தால், தலை வாரினால், துணி காயப்போட்டால்தான் ஏறும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றீர்களே, ஏறி இறங்கினீர்களே, நடந்தீர்களே, அதுதான் வாட்ச்சுக்குச் சாப்பாடு போட்டது. 11 மணி நேரம் கட்டினேன் என்பது ரோட்டாருக்குத் தெரியாது. எத்தனை முறை கை சாய்ந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதுதான்.

ரஜத் ரசிகன்

பட்டறை ஐயா சொன்னதற்கு எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம். என் அப்பா அரசுப் பஸ்ஸில் நடத்துநர். எச்எம்டி ரஜத் ஆட்டோமேட்டிக் கட்டியிருந்தார். டிக்கெட் கிழிப்பது, சில்லறை எண்ணுவது, விசில், மேல்கம்பி, படிக்கட்டு என்று கை ஓயாது. அது நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் கையிலேயே அடிக்கடி நின்றது. இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று கவலைப்பட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தார். அவர் இரண்டு நாள் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, "வாட்ச்சுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் வேலை குறைந்துவிட்டது" என்று திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எச்எம்டி ஆட்டோமேட்டிக்குகள் சிட்டிசன் 8200 வழி வந்த இயந்திரம். 1961 இல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அல்லவா. ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் மட்டும்தான் சாவி ஏறும், மறுபக்கம் சும்மா ஓடும். அப்படி ஓடும்போது கையில் ஒரு சின்ன உதறல் தெரியும். பாதி உழைப்பு வீணாகிறதே என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம்.

வடக்குமாசிப் பட்டறை

ஆதங்கம் வேண்டாம். இருபுறமும் ஏற்றும் அமைப்பில் ரோட்டார் திசை மாறும் ஒவ்வொரு முறையும், பற்கள் கவ்வுவதற்கு முன் சிறிது கோணம் வீணாகும். சின்னச் சின்ன அசைவு மட்டும் உள்ள கையில் அந்த வீணே பெரிய பங்காகிவிடும். ஒருபக்க அமைப்பில் மறுபக்கம் தடையில்லாமல் சுழன்று வந்து, வேகத்தோடு ஏற்றும். அதனால் ஒருபக்கம் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது. பெயர்பெற்ற 7750 ஸ்டாப்வாட்ச் இயந்திரமும் ஒருபக்கம் ஏற்றுவதுதான். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 உம் அப்படியே.

ஏழு நாள் ஏழு வாட்ச்

எல்லாம் சரி. அந்த ஒரு முறை நிரப்புவதற்கு என்ன வழி? குமிழில் ஏறாதே. நான் சொன்ன வைண்டருக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

சக்கரவாளம்

எதற்கு? கையில் பிடித்து நன்றாகக் குலுக்கினால் போயிற்று. 30 வினாடி ஆட்டச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அது நின்ற வாட்ச்சை ஓடவைப்பதற்கான அளவு. நிரப்புவதற்கானது அல்ல. வைண்டர் விற்பவர்கள் ஒரு நாளைக்கு 650 முதல் 800 சுற்று என்று போடுகிறார்கள். அது ஒரு நாள் செலவை ஈடுகட்ட. அந்த விகிதத்தில் வெறும் தொட்டியை 40 வரை நிரப்ப ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். கையால் ஆட்ட உட்கார்ந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்குமாசிப் பட்டறை

ஆட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உதறாதீர்கள். முகப்பு உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, ரோட்டார் விழுந்து சுற்றுவதற்கு நேரம் கொடுத்து, நிதானமாக வட்டமிட வேண்டும். வேகமாகக் குலுக்கினால் ரோட்டார் திகைத்து ஒரே இடத்தில் ஆடும், அதன் தாங்கி தேயும். பின்பக்கம் கண்ணாடி மூடி இருந்தால் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

அதைவிட எளிய வழி ஞாயிற்றுக்கிழமையும் கட்டுவது. கடைத்தெருவுக்குப் போய்ப் பையைத் தூக்கி வந்தால், உங்கள் மேசை வேலையில் ஒரு நாள் முழுதும் ஏறுவது அங்கேயே ஏறிவிடும்.

வல்வையாள்

டொரொன்டோவில் இருந்து எழுதுகிறேன். ஸ்கார்பரோவில் ஒரு பேக்கரியில் வேலை. மா பிசைவதும் தட்டுகளை அடுக்குவதுமாகக் கை ஓய்வதில்லை. ஆனால் சுகாதார விதிப்படி வேலை நேரத்தில் மணிக்கூடு கட்டக்கூடாது. லொக்கரில் வைத்துவிட்டு மாலையில்தான் கட்டுவேன். என்னுடையது சுவிஸ் 2824 இயந்திரம், கையாலும் சாவி கொடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் சாவி கொடுத்துவிடுவேன்.

இப்போது ஒரு நண்பி, "ஆட்டோமேட்டிக்குக்குத் தினமும் சாவி கொடுத்தால் பழுதாகிவிடும், கூடுதலாக முறுக்கினால் ஸ்பிரிங் அறுந்துவிடும்" என்கிறா. உண்மையா அண்ணா?

வடக்குமாசிப் பட்டறை

சகோதரி, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கூடுதலாக முறுக்கினால் அறும் என்பது ஆட்டோமேட்டிக்குக்குப் பொருந்தாது. கைச்சாவி மட்டும் உள்ள வாட்ச்சில் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் டப்பாவில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். முழுதும் ஏறியதும் விரலுக்குத் தடை தெரியும். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கொக்கி இல்லை. வெளிமுனையில் தடித்த ஒரு பட்டை டப்பாவின் சுவரை அழுத்திப் பிடித்திருக்கும். நிறைந்ததும் அது வழுக்கிக் கொடுத்துவிடும். இந்த வழுக்கும் ஸ்பிரிங்குக்கு அட்ரியன் பிலிப் 1863 இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார், கைக்கடிகாரத்தில் ஆட்டோமேட்டிக் வருவதற்கு வெகு முன்பே. அது இல்லாவிட்டால் உங்கள் பேக்கரிக் கை ஒரே நாளில் இயந்திரத்தை இறுக்கிப் பாழாக்கிவிடும்.

தினமும் கையால் கொடுப்பது வேறு. 2824 இல் நீங்கள் சாவி கொடுக்கும்போது ரோட்டாரின் இருபக்கச் சுழற்சியையும் ஒரே பக்கமாக்கும் திசைமாற்றுச் சக்கரங்களும் சேர்ந்து சுழல்கின்றன. அவற்றில் எண்ணெய் காய்ந்திருந்தால் தேய்மானம் சீக்கிரம் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: குமிழைத் திருகும்போது பின்பக்கம் ரோட்டாரும் கூடவே விர்ரென்று சுற்றினால், சக்கரங்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று பொருள். உடனே நிறுத்திச் சர்வீஸுக்குக் கொடுங்கள். ரோட்டார் அசையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். நின்ற வாட்ச்சை எழுப்ப 20, 30 திருகல் போதும். நீங்கள் மாலையிலாவது கட்டுவதால் தினமும் முழுதாக நிரப்பத் தேவையில்லை.

வல்வையாள்

பார்த்தேன். ரோட்டார் சுற்றவில்லை. நன்றி அண்ணா. நண்பிக்கும் சொல்லிவிட்டேன், அவ நம்பவில்லை.

மணிமேடை

வரலாற்றுப் பைத்தியம் என்ற முறையில் ஒரு செய்தி சேர்க்கிறேன். பெர்லே என்ற சுவிஸ் கைவினைஞர் செய்த தானியங்கிச் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பற்றி 1777 இல் ஜெனீவாவில் ஓர் அறிக்கை வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு 15 நிமிடம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்று அதில் இருக்கிறது. கோவைக்காரர் படித்தால் பெருமூச்சு விடுவார். எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் தாராளமான கணக்காகப் பட்டிருக்கிறது.

கைக்கடிகாரத்தில் இதைக் கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். 1924 இல் சுவிஸ் காப்புரிமை. அவருடைய அமைப்பில் கனம் முழு வட்டம் சுற்றாது. இரு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். தூசியும் ஈரமும் குமிழ் வழியாகத்தான் நுழைகின்றன என்று குமிழையே எடுத்துவிட்டார். முள்ளைத் திருப்ப விளிம்பு வளையத்தைச் சுற்ற வேண்டும். முழுதும் ஏறினாலும் 12 மணி நேரம்தான் ஓடும். கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் வைத்தால், இரவு 8 மணிக்கு நிறைந்த வாட்ச்சைக் கழற்றினாலும் காலை 9 மணிக்கு நின்றிருக்கும். 1931 இல் ரோலெக்ஸ் முழு வட்டம் சுற்றும் ரோட்டாரைக் கொண்டுவந்தபோதுதான் சேமிப்பு 35 மணி நேரத்தை எட்டியது. அதோடு ஒரு ராத்திரியை ஆட்டோமேட்டிக் வாட்ச் தாராளமாகத் தாண்டியது.

சக்கரவாளம்

வரலாறு இருக்கட்டும். ஐயா, உண்மையிலேயே பழுது என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாவற்றுக்கும் "உன் கை சரியில்லை" என்றால் வாட்ச் தப்பித்துக்கொள்ளும்.

வடக்குமாசிப் பட்டறை

நியாயமான கேள்வி. கையால் சாவி கொடுக்கக்கூடிய வாட்ச் என்றால் முழுதும் நிரப்பி மேசையில் வைத்துவிடுங்கள். கையேட்டில் சொன்ன நேரத்துக்கு அருகில் ஓடினால் ஸ்பிரிங்கும் சக்கர வரிசையும் நலம். பிறகும் கட்டிய நாளில் நிற்கிறது என்றால் ரோட்டார் பகுதி, அல்லது உங்கள் கை. வாட்ச்சை இன்னொரு சுறுசுறுப்பான கையில் ஒரு நாள் கட்டிப் பார்த்தால் அதுவும் பிரிந்துவிடும். ரஜத் ரசிகன் சொன்ன பழுதுபார்ப்பவர் செய்தது அதைத்தான்.

முழுதும் நிரப்பியும் பாதியில் நின்றால் கோளாறு ஸ்பிரிங் டப்பாவிலோ சக்கரங்களிலோ. பெரும்பாலும் நான் பார்ப்பது டப்பாச் சுவரில் பூசும் தடுப்புக் கிரீஸ் காய்ந்துபோவது. அது காய்ந்தால் பட்டை சுவரைப் பிடிக்காது. நிறைவதற்கு முன்பே வழுக்கிவிடும். எவ்வளவு கட்டினாலும் கால் பங்குக்கு மேல் ஏறாது. கோவைத் தம்பியின் வாட்ச் போல் நாளுக்கு நாள் இருப்பு கூடாது. திங்கள் இரவும் சனி இரவும் ஒரே அளவில் நிற்கும். சர்வீஸ் என்றால் இந்த மாதிரிக்குத்தான் சர்வீஸ்.

முறுக்க முடியாத 7எஸ்26 என்றால் ஓடியாடித் திரிந்த இரண்டு மூன்று நாள் கழித்துக் கழற்றி வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். 40 ஐ ஒட்டி வந்தால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கோவைக்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் ஞாயிறு கட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனேன், பிறகு உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறினேன். பரிமாறுவதில் கை எவ்வளவு சாய்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். திங்கள் காலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் வழக்கம்போல் மேசை வேலை. அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே கட்டாமல் வைத்தேன். திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது! சர்வீஸுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு மாற்றம். முன்பு ஒரு நாளைக்கு அரை நிமிடம் போல முந்தும். இப்போது அது குறைந்திருக்கிறது. இதற்கும் சாவிக்கும் தொடர்பு உண்டா?

வடக்குமாசிப் பட்டறை

உண்டு. ஸ்பிரிங் நன்றாக ஏறியிருக்கும்போது நேரத்தை அளக்க இங்கும் அங்கும் ஆடும் பேலன்ஸ் சக்கரம், நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 270 பாகையை ஒட்டி அகலமாக ஆடும். முறுக்கு தீரும் தறுவாயில் 200 க்கும் கீழே இறங்கும். குறுகிய ஆட்டத்தில் நேரம் நிலைக்காது. சில வாட்ச் முந்தும், சில பிந்தும். உங்களுடையது வாரம் முழுவதும் முறுக்கின் கீழ்ப்பாதியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் கட்டச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருப்பது இதனால்தான். ஓடினால் மட்டும் போதாது, மேல்பாதியில் ஓட வேண்டும். ஆனால் அரை நிமிடத்துக்காக மனம் உடைய வேண்டாம். இந்தக் குடும்பத்தின் 4ஆர்36 க்கே ஒரு நாளைக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்றுதான் நிறுவனம் சொல்கிறது.

மிச்சம் இருப்பதை இரவில் சரிக்கட்டலாம். முகப்பு மேலே பார்க்க வைப்பது, குமிழ் மேலே பார்க்கச் சாய்த்து வைப்பது, இரண்டிலும் ஓட்டம் வேறுபடும். எந்த நிலையில் பிந்துகிறதோ அந்த நிலையில் தூங்கவிடுங்கள்.

ஏழு நாள் ஏழு வாட்ச்

ஆக, வைண்டர் வேண்டாம் என்று தீர்ப்பா?

கணக்குப்பிள்ளை

அவருக்கு வேண்டாம், ஒரே வாட்ச். உங்களுக்கும் எதற்கு என்று தெரியவில்லை. ஏழில் ஆறு எப்போதும் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, தேய்ந்துகொண்டும் இருக்கின்றன.

ஏழு நாள் ஏழு வாட்ச்

நிற்கவிட்டால் எண்ணெய் கட்டியாகிவிடுமே?

வடக்குமாசிப் பட்டறை

பழைய எண்ணெய்க் காலத்துப் பேச்சு. இப்போதைய செயற்கை எண்ணெய் நின்றாலும் காயும் வேகம் பெரிதாக மாறாது. நிரந்தர நாட்காட்டி (மாதத்தின் நாள் கணக்கைத் தானே பார்ப்பது), சந்திரப் பிறை என்று மறுபடி சரிசெய்யச் சிரமமான வாட்ச் இருந்தால் அதற்கு மட்டும் வைண்டர் போடுங்கள். மற்றவை தூங்கட்டும். எழுப்பும்போது மட்டும் ஒரு கவனம்: முள் இரவு 9 முதல் அதிகாலை 4 வரை உள்ள பகுதியில் இருக்கும்போது குமிழால் தேதியையும் கிழமையையும் விரைவாக மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் பற்கள் கவ்வியிருக்கும், உடையும். முள்ளை ஆறு மணிக்கு இறக்கிவிட்டு மாற்றுங்கள். கோவைத் தம்பியின் வாட்ச் சரியாக ஒன்பது மணியில் நிற்பது என்றால் இது அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சக்கரவாளம்

இவ்வளவு கணக்கு எதற்கு? 80 மணி நேரம் ஓடும் பவர்மேட்டிக் இயந்திரம் வந்துவிட்டது. அதை வாங்கினால் வெள்ளி இரவு கழற்றித் திங்கள் காலை கட்டலாம்.

கணக்குப்பிள்ளை

வார இறுதியைத் தாண்ட நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் 22 தான் ஏறும் கை என்றால், அதிலும் நாளுக்கு 2 குறைந்துகொண்டே வரும். 80 இல் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டு, ஏதோ ஒரு விடியற்காலையில் நிற்கும். அப்போது நீங்களும் இங்கே வந்து, "தினமும் கட்டுகிறேன், ஒரு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது" என்று இழை தொடங்குவீர்கள்.

சக்கரவாளம்

தொடங்கினால் முள் எந்த மணியில் நின்றது, கிழமை எது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.